நன்றிக்கடனும் இரண்டு வாக்குகளும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 58. 1989இல் அகதியாக ஜேர்மனிக்கு வந்தேன். ரூர் பிரதேசத்தில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 2001இல் குடியுரிமை கிடைத்தது. படிவம் நிரப்பியதிலிருந்து அலுவலகத்துக்குக் கூட்டிப் போனது வரை எல்லா உதவியும் செய்தவர் வேலைத்தலத்துத் தொழிற்சங்கப் பெரியவர் ஒருவர். சான்சலர் (அரசாங்கத் தலைவர்) வில்லி பிராண்ட் காலத்திலிருந்தே எஸ்.பி.டி. என்ற சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். 2002 முதல் 2009 வரை மூன்று தேர்தல்களிலும் அவர் முகத்துக்காகவே எஸ்.பி.டி.க்கு வாக்களித்தேன். 2013இலும் 2017இலும் அவருக்குச் சொல்லாமல் மேர்க்கல் அம்மையாரின் பழமைவாதக் கட்சியான சி.டி.யு.வுக்குப் போட்டேன். 2021இல் திரும்பவும் எஸ்.பி.டி.

இந்த முறை, 2025 பெப்ரவரித் தேர்தலுக்கு, மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. நவம்பரில் அரசாங்கம் உடைந்தபோது சி.டி.யு. என்று முடிவெடுத்தேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மனைவியின் சம்பளத்தை நினைத்து டிசம்பரில் எஸ்.பி.டி. பக்கம் வந்தேன். அஷாஃபென்பூர்க் பூங்காவில் அந்தக் குழந்தை கொல்லப்பட்ட செய்தி வந்ததும் மறுபடி சி.டி.யு. ஜனவரி 29ஆம் திகதி அவர்கள் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.யின் வாக்குகளோடு, அகதிகளை எல்லையிலேயே திருப்பி அனுப்பும் தீர்மானத்தைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றியதைப் பார்த்து நெஞ்சு பதறியது. மகள் இடதுசாரிக் கட்சிக்குப் போடப்போகிறாள். "அகதியாக வந்த நீங்களே கதவைச் சாத்தச் சொல்கிறீர்களா, அப்பா?" என்று கேட்டவள், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. போன சனிக்கிழமை சந்தையில் கட்சிக் கூடாரத்தில் நின்ற பெரியவர், என் கையில் ஒரு சிவப்பு ரோஜாவைக் கொடுத்தார். வாங்கும்போது கை நடுங்கியது. நான் நன்றி கெட்டவனா, அக்கா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஜேர்மனி

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. நன்றி கெட்டவனின் கை ரோஜாவை வாங்கும்போது நடுங்காது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். எந்தக் கட்சிக்குப் போடுவது என்று நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை. நன்றியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் நாங்கள். உண்ட வீட்டுக்கு உயிரையே கொடுப்பது பெருமை என்று சின்ன வயதிலேயே மனதில் ஊறிவிட்டது. அந்தக் கடனை வாக்குச்சீட்டால் அடைக்கப் பார்ப்பதுதான் உங்களை இந்தப் பாடு படுத்துகிறது.

உங்களுக்குச் சோறு போட்டவர் யார்? கட்சியா, அந்த மனிதரா? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

நான் 1985 மே மாதத்தில் கிழக்கு பெர்லினுக்குப் பக்கத்திலிருந்த ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். அங்கிருந்து ரயிலில் ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையம். அதைத் தாண்டினால் மேற்கு பெர்லின். அந்த வழியாகத்தான் எங்களில் ஆயிரக்கணக்கானோர் வந்தோம். அந்த வருட நடுப்பகுதியிலேயே, சி.டி.யு.வின் ஹெல்முட் கோல் ஆட்சியில், கிழக்கு ஜேர்மனியோடு பேசி, தமிழர்கள் விசா இல்லாமல் அந்தப் பாதையால் வருவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் மற்ற நாட்டு அகதிகளுக்கும் அதே பாதை மூடப்பட்டது. 1986 செப்டம்பரில் அந்தச் செய்தியை நாட்டுக்கு அறிவித்தவர் யார் தெரியுமா? எஸ்.பி.டி.யின் சான்சலர் வேட்பாளர் ஜொஹானஸ் ராவ். கிழக்கு ஜேர்மனியோடு பேசி முடித்தவர் அதே கட்சியின் எகோன் பார்.

1993இல் அரசியலமைப்பின் தஞ்ச உரிமையையே சுருக்கினார்கள். பாதுகாப்பான நாடு ஒன்றின் வழியாக வந்தவர் அந்த உரிமையைக் கோர முடியாது என்று ஆனது. ஜேர்மனியைச் சுற்றியுள்ள நாடுகள் எல்லாமே பாதுகாப்பானவை என்பதால் தரைவழியாக வந்தவருக்கு அந்த வாசல் அடைபட்டது. அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். எஸ்.பி.டி.யின் கை உயராமல் அது நடந்திருக்காது. நீங்கள் 1989இல் வந்துவிட்டீர்கள். ஐந்து வருடம் பிந்தியிருந்தால் உங்கள் கதை வேறு.

அதே எஸ்.பி.டி.தான் பசுமைக் கட்சியோடு சேர்ந்து 2000 ஜனவரியில் புதிய குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பதினைந்து வருடக் காத்திருப்பு எட்டு வருடமாகக் குறைந்தது. 2001இல் உங்கள் கைக்கு வந்த ஜேர்மன் கடவுச்சீட்டுக்குப் பின்னால் அந்தச் சட்டமும் இருக்கிறது. 1999இல் இரட்டைக் குடியுரிமைக்கு எதிராக ஹெஸ்ஸன் மாநிலத் தெருக்களில் கையெழுத்து வாங்கியது சி.டி.யு. பிறகு 2015இல் சிரிய அகதிகள் நடந்தே வந்தபோது எல்லையை மூட மறுத்தவர் அதே சி.டி.யு.வின் தலைவி. 2024 ஜூனில் ஐந்து வருடத்தில் குடியுரிமை, இரட்டைக் குடியுரிமைக்கும் அனுமதி என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த எஸ்.பி.டி. அரசுதான், மூன்று மாதம் கழித்து செப்டம்பரில் நாட்டின் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது.

உங்கள் நன்றியை எந்த வருடத்துக் கட்சியிடம் கொடுக்கப்போகிறீர்கள்? 1986இன் எஸ்.பி.டி.க்கா, 2000இன் எஸ்.பி.டி.க்கா? 2015இன் சி.டி.யு.வுக்கா, இந்த ஜனவரியின் சி.டி.யு.வுக்கா? நாற்பது வருடமாக அவர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் ஆறு தேர்தலில் இரண்டு தடவை மாறியதைக் குற்றம் என்று சுமக்கிறீர்கள்.

மாறாமல் நின்றவர் அந்தப் பெரியவர் ஒருவர்தான். உங்களுக்காக அலுவலக வாசலில் காத்து நின்றவர் அவர். அந்தக் கடனை அவரிடமே தீர்க்கலாம். வயதாகியிருக்கும், பனிக்காலம் வேறு. கடைக்குப் போக, வைத்தியரிடம் போக அவருக்கு ஆள் துணை இருக்கிறதா என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? தேர்தலுக்கு முன்னரே ஒரு மாலை மனைவியையும் அழைத்துக்கொண்டு சாப்பாட்டோடு அவர் வீட்டுக்குப் போங்கள். அங்கே வாக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். ஐம்பது வருடம் ஒரே கட்சியில் இருந்தவர் உறுப்பினர்கள் கோபித்துக்கொண்டு போனதை எத்தனையோ தடவை பார்த்திருப்பார். எஸ்.பி.டி. 1998இல் 40.9 விழுக்காடு வாங்கிய கட்சி. வேலையில்லாதோருக்கான உதவியைக் குறைத்த ஹார்ட்ஸ் சீர்திருத்தங்களுக்குப் பிறகு, 2009இல், அது 23 விழுக்காட்டுக்கு இறங்கியது. விட்டுப் போனவர்களில் அவருடைய பழைய தோழர்களும் இருந்திருப்பார்கள். உங்கள் ஒருவருடைய வாக்கில் அவர் மனம் உடைந்துபோவார் என்று நினைப்பது அவரைச் சின்னவராக்குவதாகும்.

2013இல் அவருக்குச் சொல்லாமல் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தீர்களா? மேர்க்கலின் அணி 41.5 விழுக்காடு வாங்கியும் தனித்து ஆள முடியவில்லை. எஸ்.பி.டி.யோடுதான் கூட்டணி வைத்தது. எஸ்.பி.டி. அந்தக் கூட்டணிக்குள் போகும்போது வைத்த நிபந்தனைகளில் ஒன்று சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம். 2015 ஜனவரியில் மணிக்கு 8.50 யூரோவாக அது வந்தது. 2025இல் 12.82 யூரோ. முதியோர் இல்லங்களிலும் சமையலறைகளிலும் துப்புரவு வேலையிலும் இருக்கும் எங்கள் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். நீங்கள் சி.டி.யு.வுக்குப் போட்டீர்கள், எஸ்.பி.டி.யின் கோரிக்கை சட்டமானது. 2017க்குப் பிறகும் இரு கட்சிகளும் ஒரே அமைச்சரவையில்தான் இருந்தன. ஊரில் ஒரு கட்சியை விட்டு மற்றதற்குப் போனால் உறவே முறிந்துபோவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த நாட்டில் யாரும் தனியாக ஆள்வதில்லை. இப்போதைய கருத்துக்கணிப்புகளைப் பார்த்தால் சி.டி.யு.வின் மேர்ட்ஸ் சான்சலர் ஆனாலும் எஸ்.பி.டி.யையோ பசுமைக் கட்சியையோ பக்கத்தில் உட்கார வைத்தாக வேண்டியிருக்கும். ஆகவே மேசையில் யாருடைய குரல் உரத்துக் கேட்க வேண்டும் என்பதைத்தான் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள்.

அதற்கான சீட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். இடப்பக்கம் முதல் வாக்கு, தொகுதி வேட்பாளருக்கு. வலப்பக்கம் நீல எழுத்தில் இருப்பது இரண்டாவது வாக்கு, கட்சிக்கு. பாராளுமன்றத்தின் பலத்தைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். இந்தத் தேர்தலிலிருந்து அது இன்னும் இறுக்கமாகிவிட்டது: ஆசனங்கள் 630 மட்டுமே, தொகுதியில் முதலாவதாக வந்தவர்கூடக் கட்சியின் இரண்டாம் வாக்கு போதாவிட்டால் வெளியே நிற்க நேரலாம். இரண்டையும் வெவ்வேறு கட்சிக்குப் போடலாம். உங்கள் தொகுதியின் எஸ்.பி.டி. வேட்பாளர் நல்லவர், வேலை செய்கிறவர் என்று உங்களுக்குத் தெரிந்தால் அவருக்கு முதல் வாக்கைக் கொடுங்கள். பெரியவருக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று மட்டும் கொடுக்க வேண்டாம். அப்படிச் செய்தால் இன்னும் நான்கு வருடம் இதே குற்ற உணர்வு உங்களோடு இருக்கும்.

பாராளுமன்றத்துக்குள் போக ஒரு கட்சிக்குப் பொதுவாக வேண்டிய ஐந்து விழுக்காட்டு எல்லையையும் மறந்துவிட வேண்டாம். தாராளவாதக் கட்சியான எஃப்.டி.பி., சாரா வாகன்கினெக்டின் கட்சி, உங்கள் மகளின் இடதுசாரிக் கட்சி ஆகிய மூன்றும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. 2013இல் எஃப்.டி.பி. 4.8, ஏ.எஃப்.டி. 4.7 விழுக்காட்டோடு வெளியே நின்றன. நாட்டில் போடப்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ 16 விழுக்காடு ஒரு ஆசனமும் பெறாமல் போனது. இது தெரிந்தே ஒரு சிறிய கட்சியை உள்ளே கொண்டுவர நினைத்துப் போடுவதும் முழுமையான வாக்குத்தான். மகளிடம் "உன் வாக்கு வீண்" என்று சொல்லியிருந்தால் அதைத் திரும்பப் பெறுங்கள்.

இனி, மகள் கேட்ட கேள்வி. அதைத் தட்டிக் கழிக்க எனக்கு மனமில்லை.

அஷாஃபென்பூர்க்கில் இரண்டு வயதுக் குழந்தையும், அதைக் காப்பாற்றப் பாய்ந்த மனிதரும் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர். அந்தச் செய்தியைக் கேட்டு உங்களுக்கு வந்த பயமும் கோபமும் மனிதனுக்கு வரக்கூடியவை. யாரை நாட்டில் வைத்திருப்பது, யாரை அனுப்புவது, மனநோய் உள்ளவரை யார் கவனிப்பது என்றெல்லாம் அரசிடம் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அகதியாக வந்தவன் வாழ்நாள் முழுவதும் ஒரே கருத்தோடுதான் இருக்க வேண்டும் என்று மகளும் விதிக்க முடியாது.

ஆனால் தம்பி, எண்பதுகளில் எங்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. பொருளாதார அகதிகள், பொய் சொல்லித் தஞ்சம் கேட்கிறவர்கள் என்றார்கள். ஒரு தமிழன் எங்காவது பிடிபட்டால் மறுநாள் பஸ்ஸில் எங்கள் எல்லோரையும் அந்தக் கண்ணோடு பார்த்தார்கள். அந்தப் பார்வையின் பாரம் உங்களுக்குத் தெரியும். இப்போது அது ஓர் ஆப்கான் பையனின் தோளில் இருக்கிறது. உங்கள் தொழிற்சாலையிலேயே அப்படி ஒருவன் இருப்பான். கடுமையான சட்டம் வேண்டும் என்று நினைத்து நீங்கள் வாக்களிப்பதை நான் தடுக்க மாட்டேன். அவனுடைய முகத்தை நினைத்துப் பார்த்த பிறகும் அப்படித்தான் தோன்றுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஜனவரி 29இல் உங்கள் நெஞ்சு பதறியதை நான் பெரிதாக மதிக்கிறேன். பாராளுமன்றத்தில் ஏ.எஃப்.டி.யின் வாக்குகளால் ஒரு தீர்மானம் பெரும்பான்மை பெற்றது அதுவே முதல் தடவை. 348 பேர் ஆதரித்தார்கள். மறுநாள் மேர்க்கல் அம்மையாரே அதைத் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து வந்த சட்டமூலம் தோற்றது. மேர்ட்ஸின் சொந்த அணியிலேயே சிலர் வாக்களிக்க வரவில்லை. சி.டி.யு.வுக்குள்ளேயே அந்தப் பதற்றம் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் பதற்றம்தான் உங்களுக்கு நெருக்கமானதா, அல்லது தீர்மானத்தில் எழுதியிருந்தது நெருக்கமானதா? என் மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்கிறேன்: பிறந்த நாட்டைச் சொல்லி மனிதரைத் தரம் பிரிக்கும் கட்சிக்கு அதிகாரத்தின் கதவு திறப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. 1985இல் வந்த ஒருத்தியின் பயம் இது. உங்களுடையதை நீங்கள் அளந்து பாருங்கள்.

அதற்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கருத்துக்கு எந்தக் கட்சி நெருக்கம் என்று காட்டும் கேள்விப்பட்டியலான, அரசியல் கல்விக்கான மத்திய நிறுவனத்தின் வால்-ஓ-மாட் இந்தத் தேர்தலுக்கும் இணையத்தில் வந்திருக்கிறது. 38 கூற்றுகள்; ஒவ்வொன்றுக்கும் உடன்பாடு, மறுப்பு, நடுநிலை. முக்கியமென்று நினைப்பவற்றுக்கு இரட்டை மதிப்புக் கொடுக்கலாம். நீங்கள் ஒரு தடவை தனியாகச் செய்யுங்கள், மகள் தனியாகச் செய்யட்டும். எந்தக் கட்சி மேலே வந்தது என்பதைப் பொருட்படுத்தாமல், இருவரும் இரட்டை மதிப்புக் கொடுத்த கூற்றுகளை மட்டும் எடுத்துவைத்துப் பேசுங்கள். வாடகை, ஓய்வூதியம், அம்மாவின் சம்பளம் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற இடம் ஒன்றாவது வரும். பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். முதலில் கூப்பிட வேண்டியவர் நீங்கள்தான். அவள் மகள், நீங்கள் அப்பா.

தபால் வாக்கை வாங்கி வைத்திருந்தால் இன்றே நிரப்பி அனுப்பிவிட வேண்டாம். அடுத்த செய்தி வந்ததும் "ஐயோ, மாற்ற முடியாதே" என்று தவிப்பீர்கள். மனம் ஆடிக்கொண்டிருப்பவர் நேரில் போவதே நல்லது. தபால் வாக்கு கேட்டிருந்தால் அதற்கான சான்றிதழைக் கட்டாயம் கொண்டு போக வேண்டும். பெப்ரவரி 23ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை நேரம் இருக்கிறது. கடைசி இரண்டு நாளும் தொலைக்காட்சி விவாதங்களை நிறுத்திவிட்டு, அடுத்த நான்கு வருடத்தில் உங்கள் வீட்டுக்கும் அந்தத் தெருவுக்கும் என்ன வேண்டும் என்று ஒரு தாளில் உங்கள் கையால் தமிழில் எழுதுங்கள். அதை வாசித்துவிட்டுப் போங்கள்.

தடுப்புக்குப் பின்னால் நீங்கள் நிற்கும்போது பெரியவரும் இல்லை, மகளும் இல்லை, நானும் இல்லை. அங்கே படம் எடுக்கக்கூடச் சட்டம் அனுமதிக்காது. வாக்கு இரகசியமாக இருக்க வேண்டும் என்று இந்த நாட்டின் அரசியலமைப்பு 38ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. 2013இல் நீங்கள் அவருக்குச் சொல்லாமல் போட்டது துரோகம் இல்லை, தம்பி; சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை.

ரோஜாவைத் தண்ணீரில் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரியவரைப் பார்த்துவிட்டு வந்ததையும் மகள் பேசினாளா என்பதையும் எனக்கு எழுதுங்கள். யாருக்குப் போட்டீர்கள் என்பதை மட்டும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அக்கா