தோப்புக்குள் கல் நட்டுவிட்டார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பெரியபட்டினம் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் 20 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான். அவர் மௌத்தாகி ஆறு வருடமாகிறது. கணவர் சவுதியில். போன வாரம் சிலர் வந்து, கேஸ் குழாய் போகப்போகிறது என்று தோப்பு நடுவே கல் நட்டுவிட்டு, ஒரு தாளில் என்னைக் கையெழுத்துக் கேட்டார்கள். போடலாமா? நிலம் போய்விடுமா? இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், யாரும் தொட முடியாது என்கிறார்களே?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். தாளின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டில் கலந்து சொல்கிறோம் என்று சொல்லி அனுப்புங்கள். அதில் தப்பேதும் இல்லை.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கானது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பகுதிகளும் கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களும்தான் அதில் வரும். ராமநாதபுரம் அதில் இல்லை. டீக்கடையில் யார் என்ன சொன்னாலும் அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

நம் பக்கத்துக்கு எரிவாயு புதிதல்ல. இங்கே எடுக்கும் வாயுவில்தான் வழுதூர் மின்நிலையம் ஓடுகிறது. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் குழாய் 2021-ல் திறக்கப்பட்டது. இந்தக் குழாய்களுக்கெல்லாம் பொருந்துவது 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்ப்பாதைச் சட்டம். அதன்படி நிலத்தை வாங்க மாட்டார்கள். மண்ணுக்கடியில் குழாய் பதிக்கும் பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பட்டா உங்கள் குடும்பத்திடமே இருக்கும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. குழாய் போகும் நிலப்பட்டையில் கட்டடம், கிணறு, குளம் கூடாது, மரமும் வைக்கக் கூடாது என்கிறது அதே சட்டம். நெல் வயல்காரருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. குழாயை மூடிய பிறகு அவர் வழக்கம்போல உழுது விதைக்கலாம். தென்னைக்காரருக்கு அந்தப் பட்டை இனித் தோப்பே அல்ல. வெட்டிய இடத்தில் ஒரு தென்னம்பிள்ளைகூட நட முடியாது. இந்த வித்தியாசத்தை எழுத்தில் நீங்கள் சொன்னால்தான் உண்டு, அதிகாரி தானாக எடுத்துப் பேச மாட்டார்.

இந்தக் கட்டுப்பாட்டுக்காகத் தருவது அந்தப் பட்டையின் சந்தை மதிப்பில் 10 சதவீதம்தான். கேட்கவே எரிச்சலாக இருக்கும், எனக்கும் அப்படித்தான். ஆனால் மரம், பயிர், வருமான இழப்புக்கு இழப்பீடு தனி. தோப்புக்காரர்களுக்கு உண்மையான பணம் அதில்தான் இருக்கிறது. மரங்களை எண்ணும்போது நீங்களோ உங்கள் ஆளோ பக்கத்தில் நில்லுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை வயது, காய்க்கிறதா என்பதை எழுத வையுங்கள். நிரப்பாத கட்டங்கள் உள்ள படிவத்தில் மட்டும் கையெழுத்து வேண்டாம். என்னிடம் வந்த ஒருவர் அப்படிப் போட்டுக் கொடுத்துவிட்டார். 40 மரம் நின்ற இடத்தில் பட்டியலில் 26 ஏறியிருந்தது. மரங்களை வெட்டிய பிறகு அதை நிரூபிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவேடு) நகல் வாங்குங்கள், தென்னை என்று பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தை மதிப்புக்கு அரசின் வழிகாட்டி மதிப்போடு நின்றுவிடாமல் பக்கத்து நிலங்களின் சமீபத்திய கிரையப் பத்திர நகல்களையும் எடுத்து வையுங்கள்.

அடுத்து, நாள் கணக்கு. மத்திய அரசிதழில் அறிவிப்பு வந்த தேதியிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். உங்கள் சர்வே எண் அறிவிப்பில் வந்துவிட்டதா, எந்தத் தேதியில் என்பதை எழுத்தில் கேளுங்கள். திட்டமே வேண்டாம் என்று எழுதுவதைவிட, குழாயைத் தோப்பு நடுவிலிருந்து வரப்போரத்துக்கு மாற்றச் சொல்லி, நிலவரைபட நகலில் கோடு போட்டுக் கொடுப்பதே என் அனுபவத்தில் பலன் தருகிறது. தோப்புக்குள் குடியிருக்கும் வீடு உண்டா? அறிவிப்புக்கு முன்பிருந்தே குடியிருப்பாக இருக்கும் நிலத்திலும் வீட்டை ஒட்டிய மனையிலும் குழாய் பதிக்கக் கூடாது. ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் கூடாது.

தாளின் தலைப்பையும் படித்துப் பாருங்கள். 'குத்தகை' என்றிருந்தால் கதை வேறு, அது குழாய்க்கல்ல, பெரும்பாலும் எரிவாயுக் கிணறு தோண்டுவதற்கு. அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். எத்தனை வருடம், வேலை முடிந்ததும் மண்ணைப் பழையபடி ஆக்கித் தருவது யார் என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். கீழே கிடைக்கும் வாயுவில் பங்கு வரும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். ராயல்டி அரசுக்குத்தான்.

பட்டா மாமனார் பெயரில் இருக்கும்வரை காசோலை யார் பெயருக்கு என்ற தகராறு வரும். வாரிசுச் சான்றிதழ் வாங்கிக் கூட்டுப் பட்டாவுக்கு இப்போதே மனுப் போடுங்கள். உங்கள் கணவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) அனுப்பலாம். அது இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

இழப்பீடு குறைவென்று தோன்றினால் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்யலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. அப்புறம், நட்ட கல்லைப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். சுற்றி நிற்கும் மரங்களும் தெரியும்படி அதைப் படம் எடுத்து இன்றைக்கே கணவருக்கு அனுப்பிவிடுங்கள்.