லியர் கதையும் அப்பாயியும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். நானும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். ஷேக்ஸ்பியரின் பாதிப்பு சினிமாவிலும் இலக்கியத்திலும் எப்படித் தொடர்கிறது என்று ஆசிரியர்கள் கூடும் இடத்தில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டியிருக்கிறது. எந்தப் படங்கள், எந்த நாவல்கள் என்று நீங்கள் ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும்.

இன்னொன்று. தமிழ்தினப் போட்டிக்குப் பிள்ளைகளை வைத்து லியர் மன்னன் கதையைப் போடலாமா என்று நினைத்தேன். "லயத்துப் பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியரெல்லாம் புரியாது, சிரிப்பு நாடகம் ஏதாவது போடுங்கள்" என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். எனக்கும் அது சரி என்றே படுகிறது. அதோடு, நம்மைக் கூலியாகக் கொண்டுவந்தவர்களின் கவிஞரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் வந்த நேரம் நானும் லியரைத்தான் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதற்கு எழுதுகிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஷேக்ஸ்பியர் இறந்தது 1616இல். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867இல். அந்த மனுஷர் எந்தத் தோட்டத்துக்கும் துரையாக இருக்கவில்லை. கோபம் வந்தால் எய்மே செசேர் செய்ததைச் செய்யுங்கள். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த சனத்தின் வழியில் வந்த மார்ட்டினிக் கவிஞர் அவர். 1969இல் ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தையே கையில் எடுத்து, அடிமை கலிபனின் பக்கம் நின்று திருப்பி எழுதினார். அது சண்டை. எங்களுக்கு வேண்டாம் என்று ஒதுங்கிப் போவதால் யாருக்கு என்ன நட்டம்?

பட்டியலுக்கு வருகிறேன். நம் ஆட்கள் எதைப் பாதிப்பு என்று சொல்கிறார்கள் என்று பாருங்கள். 'இரத்தத் திலகம்' (1963) படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் ஒதெல்லோவும் டெஸ்டிமோனாவுமாக வருவார்கள். 'ராஜபார்ட் ரங்கதுரை'யில் (1973) சிவாஜி ஹாம்லெட் வேஷத்தில் ஆங்கிலத்திலேயே பேசுவார். அந்த நடிப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே ஷேக்ஸ்பியர் வெறும் உடுப்பு. காட்சி முடிந்ததும் கழற்றிவிடலாம். அவற்றுக்கு வெகுகாலம் முன்பே பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கி, வெனிஸ் வணிகனை 'வாணிபுர வணிகன்' ஆக்கி, தமிழ் ஊரில் தமிழ்ப் பெயரோடு நடமாட விட்டார். நம் கிழக்கில், காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் 'மதங்க சூளாமணி' எழுதி, ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்து வைத்து ஆராய்ந்தார். கட்டுரையில் அடிகளை விட்டுவிடாதீர்கள். இலங்கையில் அந்தப் பெயரைச் சொல்லாமல் ஷேக்ஸ்பியரைப் பற்றித் தமிழில் பேசுவது பெரிய குறை.

பிற மொழிப் படங்களில் லியரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரான்' 1985இல் வந்தது. லியரின் மூன்று மகள்களை மூன்று மகன்கள் ஆக்கினார், அது பெரிய விஷயமில்லை. ஷேக்ஸ்பியரின் லியர் அதுவரை எப்படி ஆண்டான் என்று நமக்கு அதிகம் தெரியாது. குரோசாவாவின் கிழவர் ஹிடெடோராவோ கோட்டைகளை எரித்து, குடும்பங்களை அழித்து நாடு பிடித்தவர். பிள்ளைகள் துரத்திய பிறகு, காற்றுக்கும் இருட்டுக்கும் பயந்து ஒரு குடிசையில் ஒதுங்குகிறார். உள்ளே இருப்பது அவர் முன்னொரு காலத்தில் கண்ணைப் பறிக்கச் சொன்ன பையன். உபசரிக்க என்னிடம் ஒன்றுமில்லை, இதுதான் இருக்கிறது என்று அவன் புல்லாங்குழல் எடுத்து ஊதுகிறான். அதைக் கேட்க முடியாமல் கிழவர் பின்னால் சாய்ந்து சுவரை இடிக்கும் காட்சியைப் பாருங்கள்.

ரஷ்ய இயக்குநர் கோஸின்ட்சேவின் 'லியர் மன்னன்' (1971) எனக்கு இன்னும் நெருக்கம். கறுப்பு வெள்ளைப் படம், இசை ஷொஸ்தகோவிச். அரசன் முகம் காட்டும் முன்பே கந்தல் உடுத்த சனங்கள் கல் பாதையில் கூட்டம் கூட்டமாக நடந்து வருகிறார்கள். பிறகு புயலில் லியர் ஒதுங்கும் குடிலில் அதே மாதிரிப் போக்கிடமற்றவர்கள் சுருண்டு கிடக்கிறார்கள். "உடுக்கத் துணியில்லாத ஏழைகளே, இந்த மழையை எப்படித் தாங்குகிறீர்கள், இதை நான் கவனிக்காமல் விட்டேனே" என்று நாடகத்தில் லியர் புலம்புவது வெறும் பேச்சாகப் போகாமல், அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

நாவல் என்றால் ஜேன் ஸ்மைலியின் 'எ தௌசண்ட் ஏக்கர்ஸ்' (1991). அமெரிக்க விவசாயி ஒருவர் தன் பண்ணையை மூன்று மகள்களுக்குப் பிரிக்கிறார், கதையைச் சொல்வது மூத்த மகள். மக்பெத் வேண்டுமானால் மலையாளத்தில் 'ஜோஜி' (2021), அதுவும் தோட்டம் வைத்திருக்கும் அப்பன் பிள்ளைகளின் கதைதான். பட்டியல் இவ்வளவு போதும்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். "லயத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது." மற்றவர்கள் சொன்னது போகட்டும். "எனக்கும் அது சரி என்றே படுகிறது" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குச் சுட்டது. லயத்தில் பிறந்த ஒருத்தி, படித்து, டீச்சராகி, திரும்பி நின்று தன் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிற சொல்லா இது? பங்களாவில் இருந்தவர்கள் நம்மைப் பற்றி இதைத்தானே காலம் காலமாகச் சொன்னார்கள்?

லண்டனில் குளோப் அரங்கு 1599இல் எழுந்தது. ஒரு பென்னி கொடுத்தால் முற்றத்தில் நின்று பார்க்கலாம். தலைக்கு மேல் கூரை கிடையாது. அங்கே நின்றவர்கள் தொழில் பழகும் பையன்கள், வேலைக்காரர்கள், சில்லறை வியாபாரிகள். பெண்கள் மேடையேறாத காலம், லியரின் இளைய மகள் கார்டீலியாவாக நின்றது ஒரு பையன். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் பொட்டலில் விடிய விடிய நிற்கிற நம் சனத்துக்கு இதில் எது அந்நியம், சொல்லுங்கள்? ரதி வேஷம் கட்டுவது ஆண்பிள்ளை இல்லையா? வீரபத்திரன் இறங்கும்போது தப்பு மேளம் மாறி அடிக்க, தூங்கின குழந்தையும் எழுந்து உட்காரவில்லையா? மன்மதன் எரிந்த பிறகு ரதி வைக்கிற ஒப்பாரிக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் உரை எழுதிக் கொடுத்தார்கள்?

என் அப்பாயிக்கு, அப்பாவின் அம்மாவுக்கு, கையெழுத்து வைக்கவும் தெரியாது. உயர்தரம் படிக்கிற காலத்தில் ஓர் இராத்திரி லியர் கதையை அவளுக்குச் சொன்னேன். அப்பாயி மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி, எரித்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். காம்பரா முழுக்கப் புகை.

ராஜா நாட்டைப் பிரிக்கப் போகிறார், யாருக்கு என்மேல் பாசம் அதிகமோ அவளுக்குப் பெரிய பங்கு என்கிறார், மூத்தவர்கள் இரண்டு பேரும் வாய் நிறையச் சொல்கிறார்கள், இளையவள் "ஒன்றுமில்லை" என்கிறாள் என்று சொல்லி வந்தேன். அப்பாயி ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மேலே சொன்னேன். நாட்டைக் கொடுத்துவிட்டு ராஜா தனக்கென்று நூறு வீரர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார். மூத்தவள் அதை ஐம்பதாக்குகிறாள். கோபித்துக்கொண்டு அடுத்தவளிடம் போனால் அவள் இருபத்தைந்து போதும் என்கிறாள். உடனே கிழவர் மூத்தவளிடம் திரும்பி, "உன்னுடைய ஐம்பது இவளுடைய இருபத்தைந்தைப் போல இரண்டு மடங்கு, அப்படியென்றால் உனக்குத்தான் என்மேல் இரட்டைப் பாசம்" என்கிறார். அவளோ பத்து எதற்கு, ஐந்து எதற்கு என்கிறாள். ஒன்றுதான் எதற்கு என்று முடிக்கிறாள் மற்றவள்.

அப்பாயி கை நின்றது. "நம்மளயும் இப்பிடித்தானே தம்பி ஆள் கணக்குப் போட்டுப் பிரிச்சானுக" என்றாள்.

டீச்சர், 1948இல் குடியுரிமை போய் நாடற்றவர்களாக நின்ற நம் சனத்தை 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பிரித்தார்கள். ஏறத்தாழ 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக்கினார்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லியரின் முதல் காட்சியில் வரைபடத்தைக் கொண்டுவா என்று ராஜா கட்டளையிடுவாரே, அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. என் சித்தப்பா குடும்பம் அந்தக் கணக்கில்தான் இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிய அழுகைக் கோச்சி என்ற ரயிலில் ஏறியது. தலைமன்னாரில் கப்பல். அப்பாயி எங்களோடு தங்கிவிட்டாள்.

அதோடு அவள் விடவில்லை. "மகளுகள மட்டும் ஏசாத. பாசத்த மொதல்ல அளந்தது கெழவந்தானே" என்றாள். அந்த நாடகத்தைப் பற்றி நான் பிறகு வாசித்த எத்தனையோ பக்கங்களில் இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை.

பிறகு இளையவள் எங்கே என்று கேட்டாள். கடல் கடந்து பிரான்சில் வாழ்க்கைப்பட்டுப் போனாள் என்றேன். "வந்தாளா?" வந்தாள், அப்பனைத் தேடிப் படையோடு வந்தாள் என்றேன். "வந்து?" சிறையில் தூக்குப் போட்டுக் கொன்றுவிட்டார்கள், கிழவர் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அழுது செத்துப்போனார் என்றேன். அப்பாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "எரிச்ச காமனையே மூணாம் நாள் எழுப்பி விடுறோம், இது என்னடா கூத்து" என்று ரொட்டித் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அவளுக்குப் புரியவில்லை என்று சொல்வீர்களா? இங்கிலாந்துக்காரர்களே அந்த முடிவைத் தாங்கவில்லை. நேயம் டேட் என்பவர் 1681இல் கார்டீலியாவை உயிரோடு விட்டு, கல்யாணமும் செய்து வைத்து ஒரு லியர் எழுதினார். 1838இல் நடிகர் மக்ரெடி ஷேக்ஸ்பியரின் நாடகத்தையே திரும்ப மேடைக்குக் கொண்டுவரும் வரை, 150 வருடங்களுக்கு மேல் அவர்கள் பெரும்பாலும் பார்த்தது அந்த லியரைத்தான். எங்கள் அப்பாயி ஒரே இராத்திரியில் அவர்கள் பக்கம் போய் நின்றாள். என்னைக் கேட்டால் ஷேக்ஸ்பியரின் பாதிப்பு என்று நீங்கள் எழுதப்போகிற கட்டுரையில் குரோசாவாவுக்குப் பக்கத்தில் இவளுக்கும் இடம் இருக்கிறது. குரோசாவா தன் நாட்டுப் போர்களைக் கொண்டுவந்து அந்தக் கதையில் இறக்கினார், அப்பாயி கோச்சியையும் கப்பலையும் கொண்டுவந்து இறக்கினாள்.

நாடகத்தைப் போடுங்கள். முழுக் கதையையும் அடைக்க வேண்டாம். பங்கு பிரிக்கும் காட்சி, நூறு ஒன்றாகும் காட்சி, புயல், இந்த மூன்றும் போதும். பஞ்சுத் தாடியும் ஜிகினாக் கிரீடமும் வேண்டாம். லியருக்கு ஒரு பழைய கம்பளி கொடுங்கள். இடிக்குத் தகர ஷீட்டைத் தட்டாமல் தப்பை அடிக்க விடுங்கள், எந்த அடி என்று பிள்ளைகளே சொல்வார்கள். வசனத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். கதையைச் சொல்லுங்கள், "பத்துப் பேர் எதுக்கு, அஞ்சு பேர் எதுக்கு" என்பதை அவர்கள் வீட்டில் பேசுகிறபடியே பேசட்டும். செந்தமிழ் இல்லை என்று நடுவர்கள் புள்ளி குறைத்தால் குறைக்கட்டும்.

கோமாளி வேஷத்தை மட்டும் வகுப்பில் நல்ல பெயர் எடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த நாடகத்தில் ராஜாவின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லியும் சவுக்கடிக்குத் தப்பிக்கிறவன் அவன் ஒருவன்தான். கடைசி வாங்கில், எதைச் சொன்னாலும் குறுக்கே ஒரு கேள்வி போட்டு உங்களிடம் ஏச்சு வாங்குகிற ஒருவன் கட்டாயம் இருப்பான். அவனைப் பிடியுங்கள்.

அன்புடன்.