கிரனாதாவுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். திருச்சியில் ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு. செப்டம்பரிலிருந்து ஒரு செமஸ்டர் ஸ்பெயினின் கிரனாதா பல்கலைக்கழகத்தில் பரிமாற்ற மாணவனாக இருக்கப்போகிறாய். ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திரும்பிவிடலாமா, இல்லை துணிந்து ஸ்பானிஷ் வகுப்பில் உட்காரலாமா என்று கேட்கிறாய். சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பது இரண்டாவது கேள்வி.

நான் நாகர்கோவில்காரி. 2012 செப்டம்பரில் இதே ஊருக்கு ஒரு செமஸ்டருக்கென்றுதான் வந்தேன். அப்புறம் முதுகலை, வேலை, கல்யாணம் எல்லாம் இங்கேயே ஆகிவிட்டது. முதல் கேள்விக்கு என் பதில்: ஸ்பானிஷ் பாடம் எடு. மூன்று வேண்டாம், இரண்டு போதும். அந்த இரண்டில் ஒன்று கணக்கு நிறைய வரும் பாடமாக இருக்கட்டும். கரும்பலகையில் எழுதும் சமன்பாடு எல்லா மொழியிலும் ஒன்றுதான். பேராசிரியர் சொல்வதில் பாதி புரியாவிட்டாலும் அது உன்னைக் கரைசேர்த்துவிடும்.

தமிழ் பேசுகிறவனுக்கு ஸ்பானிஷ் அந்நியமாக இருக்காது. இங்கிலீஷ் வழியாகப் படிப்பதால்தான் அது கஷ்டமாகத் தெரிகிறது. 'மே குஸ்தா' என்பதை உன் பாடப்புத்தகம் அரைப்பக்கம் விளக்கியிருக்கும். நமக்கு அது நேராக 'எனக்குப் பிடிக்கும்'. 'மே துவேலே லா கபேசா' என்றால் 'எனக்குத் தலை வலிக்கிறது'. அந்த 'எனக்கு' இரண்டு மொழியிலும் ஒரே வேலையைச் செய்கிறது. 'வந்தேன்' என்று சொன்னாலே யார் வந்தது என்று தெரிந்துவிடுகிறதல்லவா? 'வீனே' என்பதும் அப்படித்தான், முன்னால் 'நான்' போடத் தேவையில்லை. உச்சரிப்பிலும் நமக்கு வாய்ப்பு அதிகம். அவர்கள் 'ன்' தலையில் நெளிகோடு போட்டு எழுதும் எழுத்து நம்முடைய ஞ. 'அது' என்று சொல்லும்போது த எவ்வளவு மெலிதாக வருகிறதோ, அதே மெலிதில்தான் கிரனாதாவின் கடைசி எழுத்தும் வரும். 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்றால் 'நாய்'. மற்ற நாட்டுப் பிள்ளைகள் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல மாதக்கணக்கில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். கரி, கறி என்று பிரித்துச் சொல்லும் ஊரில் பிறந்ததால் எனக்கு அது முதல் நாளே வந்துவிட்டது.

ஆனால் வந்து இறங்கியதும் நீ படித்த ஸ்பானிஷ் காதில் விழாது. அதற்குத் தயாராக வா. இது ஆண்டலூசியா, ஸ்பெயினின் தெற்குப் பகுதி. சொல்லின் கடைசியில் வரும் ஸ்-ஐ விழுங்கிவிடுவார்கள். 'கன்சாதோ', அதாவது களைத்தவன், வாயில் 'கன்சாவோ' ஆகிவிடும். பாடப்புத்தகத்தில் 'கொஞ்சம்' என்பதற்கு 'போக்கோ' என்று இருக்கும். கிரனாதாக்காரர்கள் அன்பாக 'போக்கிக்கோ' என்பார்கள். தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்த ஒருவர் எங்கள் வடசேரிச் சந்தையில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது எனக்கு. மூன்று வாரம் பொறுத்துக்கொள், காது பழகிவிடும்.

காது பழகுவது வகுப்பில் இல்லை, வீட்டில். அதனால் பாடத்தைவிட நீ யாரோடு தங்குகிறாய் என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். உலகத்தின் எல்லாப் பக்கமிருந்தும் பரிமாற்ற மாணவர்கள் இந்த ஊருக்கு வருகிறார்கள். ஐரோப்பாவின் எராஸ்முஸ் திட்டத்தில் அதிகம் பேர் தேர்ந்தெடுக்கும் பல்கலைக்கழகங்களில் இதுவும் ஒன்று. அதனால் ஆங்கிலம் மட்டும் பேசிக்கொண்டே நான்கைந்து மாதத்தை ஓட்டிவிடலாம், தடுக்க ஆளில்லை. அப்படி ஓட்டித் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். போகும்போது அவர்களுக்கு இருந்த வருத்தம் உனக்கு வேண்டாம். இந்த ஊர்ப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறை எடு. நீ படிக்கப்போவது ஃபுவென்தெநுவேவா வளாகம். பெத்ரோ அந்தோனியோ தே அலார்கோன் தெரு, கமினோ தே ரோந்தா பக்கம் பார்த்தால் நடந்தே வகுப்புக்குப் போகலாம். முதல் வாரம் விடுதியில் தங்கி, வீட்டை நேரில் பார்த்த பிறகு பணம் கொடு. படத்தை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் அனுப்பாதே. வழக்கமாக ஒரு மாத வாடகையைப் பிணைத்தொகையாகக் கேட்பார்கள். அதற்கு ரசீது வாங்கு.

என் வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள். மற்ற மூவரும் ஹாயேன், அல்மெரியா பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். தெற்கு ஸ்பெயின் என்றால் வெயில் என்று நம்பி நான் ஒரே ஒரு ஸ்வெட்டரோடு வந்திருந்தேன். கிரனாதா கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சியெர்ரா நெவாதா பனிமலை ஜன்னலில் தெரியும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். பழைய வீடுகள் பலவற்றில் வீடு முழுக்கச் சூடேற்றும் வசதி கிடையாது. அதற்குப் பதில் கூடத்தில் ஒரு வட்ட மேசை. 'மேசா கமீயா' என்பார்கள். அதன் அடியில் 'பிரசேரோ' என்கிற சின்ன மின்கணப்பு. மேசை மேல் தரைவரை தொங்கும் கனத்த துணி. நவம்பரில் ஒரு ராத்திரி என் அறையில் கை விறைக்கப் படித்துக்கொண்டிருந்தவளை ஹாயேன் பெண் வந்து இழுத்துக்கொண்டு போனாள். துணியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, 'மேத்தே லா பியெர்னா' என்றாள். காலை உள்ளே விடு. காலை விட்டேன். முழங்கால்வரை கதகதப்பு ஏறியது. அதற்கப்புறம் அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் நால்வரும் அந்த ஒரு துணிக்கடியில் கால் நீட்டிக்கொண்டுதான் படித்தோம், சாப்பிட்டோம், சண்டை போட்டோம். அவள் சொன்னது 'லாஸ் பியெர்னாஸ்', கால்கள் என்று பன்மை, ஸ் இரண்டையும் விழுங்கிவிட்டாள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. என் ஸ்பானிஷ் அந்த மேசையடியில் வந்தது.

பெயர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இங்கே எல்லோருக்கும் இரண்டு குடும்பப்பெயர், வழக்கமாக முதலாவது அப்பா வழி, இரண்டாவது அம்மா வழி. நமக்கோ இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்தால் உன்னை அந்தப் பெயரில்தான் பதிவார்கள். முதல் வாரம் ஆய்வகப் பட்டியலைப் பார்த்துப் பேராசிரியர் என் அப்பா பெயரைக் கூப்பிட்டார். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். இப்போதும் இங்கே அஞ்சல் வந்தால் உறை மேல் அவர் பெயர் இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. உனக்கு நான் சொல்வது வேலை விஷயம்: குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால் விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய். சேர்க்கைக் கடிதம், காப்பீடு, விமானச்சீட்டு எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

விசா பற்றி இரண்டு வரி. 180 நாளுக்குள் முடியும் படிப்பென்றால் விசாவே போதும். அதற்கு மேல் என்றால் வந்த ஒரு மாதத்துக்குள் 'தியே' எனும் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். உன் சேர்க்கைக் கடிதத்தில் இருக்கும் தேதிகளை எண்ணிப் பார்.

தேதி என்றதும் நினைவு வருகிறது. முதல் செமஸ்டர் தேர்வு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு, ஜனவரியில். டிசம்பருக்குத் திரும்பும் டிக்கெட் போட்டுவிடாதே. என்னோடு வந்த ஒரு பிள்ளை அப்படிப் போட்டுவிட்டுப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மதிப்பெண் பத்துக்கு. 5 எடுத்தால் 'அப்ரோபாதோ', தேர்ச்சி. 7 முதல் 'நோதாப்ளே', 9 முதல் 'சோப்ரெசாலியெந்தே'. 7 வாங்கினால் உடைந்துபோகாதே, இங்கே அது நல்ல மதிப்பெண். உங்கள் கல்லூரி அதை எப்படி மாற்றிக் கணக்கிடும், எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள். ஒரு செமஸ்டர் என்பது 30 கிரெடிட். பாடம் சரிப்படவில்லை என்றால் முதல் சில வாரங்களுக்குள் மாற்றலாம், ஆனால் படிப்பு ஒப்பந்தத்தாளில் உங்கள் கல்லூரியும் இந்தப் பல்கலைக்கழகமும் கையெழுத்துப் போட வேண்டும்.

பேராசிரியர்களைப் பேர் சொல்லி, 'து' போட்டு, அதாவது நீ என்று பேசுவார்கள் மாணவர்கள். எனக்கு நாக்கு எழவே இல்லை, ஒரு மாதம் 'உஸ்தேத்', அதாவது நீங்கள் என்றே பேசினேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உனக்கும் கூச்சமாக இருந்தால் அப்படியே பேசு. ஆனால் 'துதோரியா'வை விட்டுவிடாதே. ஒவ்வொரு பேராசிரியரும் மாணவர்களைச் சந்திக்க வாரத்தில் நேரம் ஒதுக்கியிருப்பார். முதல் வாரமே கதவைத் தட்டி, பரிமாற்ற மாணவன், ஸ்பானிஷ் குறைவு என்று சொல்லிவிடு. எந்தப் புத்தகம் பார்க்கலாம், பதிலை ஆங்கிலத்தில் எழுதலாமா என்று கேள். சிலர் சம்மதிப்பார்கள், சிலர் மாட்டார்கள். இரண்டில் எதுவானாலும் அக்டோபரிலேயே உனக்குத் தெரிந்திருக்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 'சின் கார்னே', இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித்தொடை 'ஹமோன்' பலர் கணக்கில் இறைச்சியில் சேராது, டூனா மீனும் சேராது. 'நி ஹமோன் நி அத்தூன்' என்று சேர்த்துச் சொல். பருப்புக் குழம்பு மாதிரி இருக்கும் 'லெந்தேஹாஸ்' பார்த்ததும் ஊர் நினைவு வரும். ஆனால் பெரும்பாலும் சோரிஸோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு கிடக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடு. கிரனாதாவில் ஒரு பானம் வாங்கினால் கூடவே சின்னத் தட்டில் தாப்பா என்ற சிற்றுணவு இலவசமாக வரும். மது வேண்டியதில்லை, மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு கேட்டாலும் வரும். சைவம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பல கடைகளில் மாற்றித் தருவார்கள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு முன் நினைக்காதே, ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான். முதல் மாதம் பையில் கடலை வைத்துக்கொள்.

அரிசி, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு எல்லாம் சாதாரண சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். கல்தெரேரியா தெரு மொராக்கோக் கடைகளில் மல்லி, சீரகம், மஞ்சள் பார்க்கலாம். சூட்கேஸில் அதற்கெல்லாம் இடம் வீணாக்காதே. சாம்பார்ப் பொடியும் ஒரு டப்பா பெருங்காயமும் எடுத்துக்கொள், மிச்ச இடத்தில் கனமான ஸ்வெட்டர் இரண்டு வை. பெருங்காயம் உனக்கு ஒரு செமஸ்டருக்கு மேலேயே வரும். மீதியை ஜனவரியில் எனக்குக் கொடுத்துவிட்டுப் போ.