கென்யா ரோஜாத் தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை வந்திருக்கிறது, போகலாமா? அங்கே பெண் தொழிலாளர்களைப் பற்றிப் படிப்பதெல்லாம் உண்மையா?

கேள்வியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல்தான் இருந்தேன். தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் தோட்டக்கலை படித்துவிட்டு ஓசூர்ப் பக்கம் ஏதோ ஒரு பாலிஹவுஸில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தச் சம்பளத்தில் படிப்புக் கடன்கூட அடையாது. அப்போதுதான் கென்யாவின் நைவாஷா ஏரிப் பக்கம் கிரேடிங் (பூவைத் தரம் பிரிப்பது) சூப்பர்வைசர் வேலை, டாலரில் சம்பளம் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் வந்தது. 2010 நடுவில் போய் 2014 கடைசியில் திரும்பினேன். அத்தனை வருடமும் நைவாஷா ஏரியின் தென்கரையில் ஒரே தோட்டம். பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

படிப்பதில் பெரும்பாலானது உண்மைதான். ஆனால் போய் இறங்கியதும் உங்கள் கண்ணில் எதுவும் படாது. கென்யாவின் 2007 வேலைவாய்ப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள், நல்ல சட்டம். பிரசவத்துக்கு மூன்று மாதம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு. கர்ப்பமாக இருக்கிறார் என்று ஒருவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் பேக்ஹவுஸில், அதாவது பறித்த பூவைப் பிரித்துக் கட்டும் கூடத்தில், அதைச் சுவாஹிலியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கை கழுவும் இடத்துக்கு மேலே மாட்டியிருந்தார்கள். ஆய்வுக்கு வருகிற ஐரோப்பியர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

தப்பு நடக்கிற இடம் வேறு. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற பட்டியலில் நடக்கிறது. அந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, ஒரு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த தினக்கூலியை மாதச் சம்பளக்காரராகவே கொள்ள வேண்டும் என்கிறது. அன்றாடக் கூலி வேலையை அங்கே 'கிபாருவா' என்பார்கள். கிபாருவாவாகவே வைத்திருந்தால் இந்தப் பிரிவில் மாட்டிக்கொள்வோம் என்று எங்கள் தோட்டத்தில் ஆறு மாத சீசன் கான்ட்ராக்ட் போட்டார்கள். ஆறு மாதம் முடிந்தால் மூன்று வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி புதிதாகச் சேர்ப்பது. ஒருவரை நீக்கினால்தானே சட்டம் கேட்கும்? யாரையும் நீக்குவதில்லை. பட்டியலில் பெயர் வராது, அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் கிரேடிங் ஹாலில் மூன்றாவது மேஜையில் ஓர் அம்மா இருந்தார். கிசுமு பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர். சுவாஹிலியில் 'மாமா' என்றால் அம்மா, எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம், நானும் அப்படியே. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட மேஜையில் தண்டை வைத்துத்தான் நீளம் பிரிப்பார்கள். இவர் மேஜையைப் பார்க்கவே மாட்டார். வாளியிலிருந்து எடுக்கும்போதே ஐம்பதா அறுபதா என்று கைக்குத் தெரிந்துவிடும். அடியிலை உருவி, பத்துப் பத்தாக இரண்டு வரிசை அடுக்கி, அட்டையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தள்ளிவிடுவார். புதிதாக வருகிறவர்களை நான் அவர் பக்கத்தில்தான் நிற்க வைப்பேன்.

காதலர் தினத்துக்கான பூவுக்கு டிசம்பரிலேயே செடியைக் கிள்ளிவிட வேண்டும், உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜனவரி கடைசியில் மொத்தமாகப் பூக்கும், பிப்ரவரி முதல் வாரத்துக்குள் விமானம் ஏறியாக வேண்டும். 2012இல் அந்த இரண்டு வாரம் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் இரவு ஒன்பது, பத்து. பெண்கள் நின்றுகொண்டேதான் வேலை. பஸ் தொழிலாளர்கள் குடியிருக்கும் கராகிட்டாவின் ரோட்டு முனையில் இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து தகர வீடுகளுக்கு இருட்டில் நடக்க வேண்டும்.

அந்த நாட்களில்தான் அவருடைய ஏப்ரன் நாடாவைக் கவனித்தேன். முன்பெல்லாம் இடுப்பைச் சுற்றி வந்து முன்னால் முடிச்சுப் போடுவார். பிறகு முடிச்சு பின்னால் போனது. ஜனவரி முடியும்போது நாடா எட்டாமல், லெசோ என்று அங்கே பெண்கள் சுற்றிக்கொள்ளும் துணியில் ஒரு கீற்றுக் கிழித்துச் சேர்த்துக் கட்டியிருந்தார். மேலே தொளதொளவென்று ஒரு ஸ்வெட்டர். எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது என்பது அவருக்கும் புரிந்தது. உட்கார ஒரு ஸ்டூல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஊரறிய ஆகிவிடும், அவர் கான்ட்ராக்ட் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு வாரம் மூன்றாவது மேஜை இல்லாமல் ஓடாது என்பதும் என் கணக்கில் இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

சீசன் முடிந்ததும் பட்டியல் வந்தது. லைன் லீடர் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'திறமை' என்ற கட்டத்தில் டிக் போட்டுத் தருவார், நான் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். இவர் பெயருக்கு எதிரே டிக் இல்லை. பேக்ஹவுஸிலேயே வேகமான கைக்குத் திறமை இல்லையாம். நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். பட்டியலில் பெயர் இருந்திருந்தால் ஏப்ரலில் பிரசவம், மூன்று மாதம் சம்பளம், அதே மேஜைக்குத் திரும்பி வந்திருப்பார்.

பெண்கள் கமிட்டியிலிருந்து ஒருவர் பிறகு என்னிடம் வந்து சொன்னதை இங்கே முழுதாக எழுத முடியாது. அந்த லைன் லீடர் முந்தைய கான்ட்ராக்டின்போது மாமாவைத் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறான், அவர் போகவில்லை. ஓவர்டைம் யாருக்கு, ஞாயிறு லீவு யாருக்கு, பட்டியலில் யார் பெயர் என்று மூன்றும் ஒரே ஆள் கையில். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய விதியை அந்த ஆளிடம் யார் போய்க் காட்டுவது?

ஜூன் மாதம் கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். போனால் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு அவர் நிற்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். பணிச் சான்றிதழ் வேண்டும் என்றார், அது சட்டப்படி தர வேண்டியது. "எத்தனை மாதம் என்று சரியாக எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னார். ரிஜிஸ்டரைப் புரட்டிக் கூட்டினேன். ஐந்து கான்ட்ராக்ட், நடுவில் நான்கு இடைவெளி, மொத்தம் 30 மாதம். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீசுக்கு அனுப்பினேன். கூட்டி எழுதினால் நிரந்தர வேலைக்குச் சாட்சியாகிவிடும் என்று கிழித்துவிட்டு, கடைசி ஆறு மாதத்துக்கு மட்டும் வேறொன்று டைப் அடித்துக் கொடுத்தார்கள். அதிலும் கையெழுத்து என்னுடையதுதான். கேட்டில் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு "பொலே, மாமா" என்றேன். வருத்தம் சொல்ல அங்கே அந்த வார்த்தைதான். அவர் காகிதத்தைப் படித்துப் பார்த்தார், நான்காக மடித்தார், போய்விட்டார்.

இப்போது சிலர் வருவீர்கள் என்று தெரியும். "அங்கே வேலையே இல்லாத இடத்தில் வேலை கொடுத்தார்கள், அதையும் குறை சொல்கிறாயா" என்று. நான் தோட்டமே கூடாது என்று சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்குச் சொந்தக் கையில் சம்பளம், எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவையில் ஊருக்குப் பணம் அனுப்புகிற தெம்பு, எல்லாம் அந்தப் பூவில்தான் வந்தது. ரோஜா வாங்காதே என்பவர்களிடமும் எனக்கு உடன்பாடு இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால், கென்யப் பூ விற்கிற ஹாலந்து ஏலச் சந்தை படுத்தபோது பூவைக் குப்பையில் கொட்டினார்கள், ஆயிரக்கணக்கானவர்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் பழைய தோட்டத்தில் முதலில் போனது சீசன் கான்ட்ராக்ட் பெண்கள்தான் என்று அங்கிருந்த நண்பர் சொன்னார்.

எல்லாத் தோட்டமும் இப்படியா என்றும் கேட்பீர்கள். இல்லை. நான் பார்த்தது ஒன்று. 2000களின் தொடக்கத்தில் பெண்கள் அமைப்புகள் போராடியதால் மருந்தடித்த கிரீன்ஹவுஸுக்குள் எத்தனை மணி நேரம் கழித்துப் போகலாம் என்ற கட்டுப்பாடு, பாதுகாப்பு உடை, கமிட்டிகள் எல்லாம் பல தோட்டங்களில் ஒழுங்காயின. தோட்ட, வேளாண் தொழிலாளர் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் போட்ட இடங்களில் அரசு நிர்ணயித்த விவசாயக் கூலியைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது. அப்படியிருந்தும் 2012இல் கென்ய மனித உரிமை ஆணையம் என்ற தன்னார்வ அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் சீசன் கான்ட்ராக்டும் பாலியல் தொல்லையும் பேசப்பட்டன. அதே வருடம்தான் என் பட்டியலும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். ஒர்க் பெர்மிட் புதுப்பிக்க என்று வாங்கி ஆபீஸ் லாக்கரில் வைத்துக்கொண்டார்கள். 2013இல் அப்பா இறந்த செய்தி வந்த அன்று சாவி வைத்திருந்தவர் லீவு. கேட்டுக் கேட்டு வாங்கி, டிக்கெட் எடுத்து, காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. அவருக்குக் கொடுத்த கமிஷன் அப்பா மாடு விற்ற பணம்.

போவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு நிலைமை. நேர்காணலில் சம்பளம் பேசி முடிந்ததும் இதைக் கேளுங்கள்: கிரேடிங் ஹாலில் எத்தனை பேர் நிரந்தரம், சீசன் பட்டியலை யார் முடிவு செய்வது, என் கையெழுத்து அதில் வருமா. வரும் என்றால், டிக் இல்லாத பெயருக்குக் காரணம் கேட்க எனக்கு அதிகாரம் உண்டா என்றும் கேளுங்கள். மழுப்பினால் இங்கேயே எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். தென்கரையில் இன்னும் நாலைந்து பேர் பழக்கம், எந்தத் தோட்டம் என்று விசாரித்துச் சொல்கிறேன்.