பனிக்குள் நீல விளக்கு தெரிந்தால் எங்கே ஒதுங்குவது?

தலவாக்கலைப் பக்கம் பாடசாலை வேன் ஓட்டும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "காலைப் பனிமூட்டத்தில் பின்னால் பொலிஸ் ஜீப்பின் நீல விளக்கு வெட்டுகிறது. கிட்டவா தூரமா என்று தெரியவில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அந்த இடத்திலேயே நிறுத்தவா? பனிக்குச் சிவப்புத்தானே நல்லது, ஏன் நீலம்?"

அந்த இடத்திலேயே நிறுத்தாதீர்கள் தம்பி. பாதை வளையும் முடக்கில் திடீரென்று பிரேக் அடித்தால், பின்னால் வருகிறவருக்கு உங்கள் வேன் கண்ணில் படுவதே கடைசி நொடியில்தான். இடது சிக்னலைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடம் கிடைக்கும்வரை ஓட்டிக்கொண்டே போங்கள். தோட்டத்துக்குப் பிரியும் பாதை, பஸ் தரிப்பிடம், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் இருக்கும் வெளி, இப்படி எங்கேயாவது ஒதுங்கலாம். எந்த முடக்குக்கு அப்புறம் இடம் இருக்கிறது என்பதை வெயில் நாளிலேயே மனதில் குறித்து வையுங்கள். ஓரத்துப் புல்லை நம்பி இறங்க வேண்டாம், அதற்குக் கீழே தண்ணீர் ஓடும் கான் இருக்கும். ஓடும்போது நாலு சிக்னலையும் சேர்த்துப் போடவும் வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகிறீர்கள் என்பது ஜீப்காரருக்குத் தெரியாமல் போய்விடும்.

தூரம் பிடிபடாததற்குக் காரணம் உங்கள் கண் அல்ல. கொட்டகலைக்குக் கிட்ட ஒருநாள் எனக்கும் இப்படி நடந்தது. கண்ணாடியில் நின்ற தண்ணீர்த் துளி ஒவ்வொன்றிலும் ஒரு நீலப் பொட்டு அணைந்து அணைந்து எரிந்தது. வண்டி வந்து சேர்ந்ததோ வெகு நேரம் கழித்து. பனி ஒளியைச் சிதறடிப்பதால் முடக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் விளக்கும் இந்தப் பக்கத்தை நீலமாக்கிவிடும். சைரனும் மலையில் பட்டுத் திரும்பி வரும், திசை சொல்லாது. போதாததற்கு அது விட்டுவிட்டு எரிகிற விளக்கு. விநாடிக்கு 2 தடவை மின்னுகிறது என்று வையுங்கள். மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் ஜீப், ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையில் 5 மீற்றருக்கு மேல் நகர்ந்திருக்கும். அதனால் விளக்கைப் பார்த்துத் தூரத்தைக் கணக்குப் போடாதீர்கள். வருகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, நிறம். சிவப்பு பனியைத் துளைத்துப் போகும் என்பது நம்மிடம் ஊறிப்போன எண்ணம். மூடுபனித் துளி ஒன்று சுமாராக ஒரு மில்லிமீற்றரில் 100இல் ஒரு பங்கு. நீல ஒளியின் அலைநீளம் அதிலும் 20இல் ஒரு பங்குதான். துளி அவ்வளவு பெரிதாக இருக்கும்போது எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சிதறும். நீலத்துக்கு வேறு பலம் உண்டு. பிரேக் விளக்கு சிவப்பு, சிக்னல் மஞ்சள், ஹெட்லைட் வெள்ளை. இந்தக் கூட்டத்தில் நீலம் தனித்துத் தெரியும். இருட்டில் நம் கண் சிவப்பை விட நீலத்தைச் சுலபமாகப் பிடிக்கும்.

ஜீப் தாண்டியதும் உடனே வேனை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். கண்ணாடியை இறக்கி, கொஞ்சம் காது கொடுங்கள். பின்னாலேயே அம்பியூலன்சும் வரலாம்.