ஞாயிற்றுக்கிழமை வண்டி ரத்து: வாசகர்கள் கேட்டவை

முப்பது வருடம் இருப்புப் பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் தடத்தில் ஞாயிறு ரத்து என்று அறிவிப்பு வந்தாலே எங்கள் தெருவில் எனக்குத்தான் முதல் திட்டு விழும். இந்த முறை வந்த கேள்விகளிலும் பாதி திட்டுதான்.

ராத்திரி முழுக்கத் தண்டவாளம் சும்மாதானே கிடக்கிறது? வேலையை அப்போது செய்யாமல் ஞாயிறு பகலில் ஏன் செய்கிறார்கள்? – குரோம்பேட்டை வாசகி

கடைசி மின்சார ரயில் நள்ளிரவை ஒட்டிப் போகிறது. விடிகாலை நாலு மணி வாக்கில் முதல் வண்டி கிளம்பிவிடும். இடையில் முழுசாக நாலு மணி நேரம்கூடக் கையில் நிற்காது. சின்ன வேலைகளெல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன, நீங்கள் தூங்குவதால் தெரிவதில்லை.

வண்டி தடம் மாறும் பாயிண்டைப் புதிதாகப் போடுவது வேறு கதை. முதலில் மேல்கம்பியில் ஓடும் 25,000 வோல்ட் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தியாச்சு என்று செய்தி வந்தாலும் யாரும் கம்பிப் பக்கம் போக மாட்டோம். எர்த் கம்பியின் ஒரு முனையைத் தண்டவாளத்தில் இறுக்கிய அப்புறம்தான் மறுமுனையைக் கழியால் மேலே மாட்டுவோம். கழற்றும்போது மேல்முனைதான் முதலில். வரிசை மாறினால் உயிர் போய்விடும். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் இப்படி மாட்டி முடிப்பதற்குள்ளேயே நேரம் ஓடிவிடும். பிறகு பழையதை அறுத்து எடுத்து, புதியதை கிரேனில் இறக்கி, ஜல்லி கொட்டி, மெஷின் விட்டு இறுக்க வேண்டும். கடைசியில் சிக்னல்காரர்கள் வந்து பாயிண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிச் சோதிப்பார்கள். பாயிண்டில் நகரும் துண்டுக்கும் (நாங்கள் நாக்கு என்போம்) தண்டவாளத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் கட்டையை வைத்தால் பூட்டு விழக்கூடாது, அதுதான் சோதனை.

ஒரு யார்டில் எல்லாம் முடிந்த நிலையில் பூட்டு விழவே இல்லை. குனிந்து குனிந்து பார்த்ததில், உள்ளே புளியங்கொட்டை அளவு ஜல்லித் துண்டு. கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அன்று பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எங்களை என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது.

எனக்கு ஞாயிறுதான் வேலை நாள். தி. நகரில் துணிக்கடை. லேட்டானால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் போக மாட்டார்கள் என்று இவர்களிடம் யார் சொன்னது? – பெருங்களத்தூர் வாசகி

யாரும் சொல்ல வேண்டியதில்லை அம்மா. அலுவலகக் கூட்டத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால் ஞாயிறு காலியாகத்தான் தெரியும். கடைப் பெண்கள், நர்ஸுகள், போட்டித் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கணக்கில் வருவதில்லை. இதில் நான் உங்கள் பக்கம். வேலைக்கு ஞாயிறு வேண்டும் என்பது சரி. ஆனால் வண்டி இல்லாத நேரத்துக்கு எத்தனை பஸ், எங்கிருந்து என்று அதே அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலை நடந்தபோது மாநகர் பேருந்துகள் கூடுதலாக ஓடின, மெட்ரோவும் ஓட்டங்களைக் கூட்டியது. மனசு வைத்தால் நடக்கிறது.

சீசன் டிக்கெட்டில் அந்த ஞாயிறுகளுக்குப் பணம் கழிப்பார்களா? – பல்லாவரம்

மாட்டார்கள். அந்த சீசனைக் காட்டி பஸ்ஸிலோ மெட்ரோவிலோ ஏறவும் முடியாது.

மெதுவான தடத்தில் வேலை என்றால் மின்சார ரயிலை விரைவுத் தடத்தில் விட வேண்டியதுதானே? மும்பையில் செய்கிறார்களே! – கிண்டி வாசகர்

செய்கிறார்கள். அங்கே ஞாயிறு மெகா பிளாக், அதாவது வேலைக்காகத் தடத்தைப் பல மணி நேரம் மூடுவது, வாரச் சடங்கு மாதிரி. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எந்தத் தடம் என்பது முன்கூட்டியே வந்துவிடும், ஜனங்களும் அதைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். அந்த மும்பையிலேயே 2024 மே கடைசியில் தாணே நடைமேடையை அகலப்படுத்த 63 மணி நேரம் பிளாக் எடுத்தபோது நூற்றுக்கணக்கான லோக்கல்களை ரத்துதான் செய்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2018 ஜூலை 24 ஞாபகம் இருக்கிறதா? மின்கம்பி அறுந்ததால் மின்சார ரயிலை விரைவுத் தடத்தில் விட்டார்கள். உள்ளே இடமில்லாமல் படியில் தொங்கியவர்கள் பரங்கிமலையில் பக்கச் சுவரில் மோதி இறந்தார்கள். ஒரு தடத்துக்குப் பழகிய கூட்டத்தை இன்னொரு தடத்துக்கு மாற்றுவது அத்தனை சுலபம் இல்லை. பிளாட்பாரம், சுவர், வேகம் எல்லாமே மாறிவிடும்.

ஏழு மாதம் என்று சொல்லிப் பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இதற்குப் பெயர் என்ன? – திருவல்லிக்கேணி

கடற்கரை–எழும்பூர் நாலாவது பாதைக்காக, கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே 2023 ஆகஸ்ட் 27-ல் நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது 2024 அக்டோபர் 29-ல். பதினாலு மாதம். நாலு கிலோமீட்டர் சொச்சம் பாதைக்கு! என்ன பெயர் என்று கேட்கிறீர்கள், எனக்கு வாயில் வருவதை இங்கே எழுத முடியாது. நாலாவது பாதை தேவைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்த அன்றே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மின்சார ரயில் ரத்தானதால் எழும்பூரில் எக்ஸ்பிரஸைத் தவறவிட்டேன். நஷ்ட ஈடு கிடைக்குமா? – சேலையூர்

கஷ்டம். இரண்டு வண்டிக்கும் முன்பதிவு இருந்தால் பி.என்.ஆர்.களை இணைத்துக்கொள்ளும் வசதி உண்டு, மின்சார ரயில் டிக்கெட்டுக்கு பி.என்.ஆரே கிடையாது. 2021-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பயணிக்கு நஷ்ட ஈடு கிடைத்ததை உறுதி செய்தது. ஜம்மு போன வண்டி நாலு மணி நேரம் தாமதம், அவர் விமானத்தை விட்டுவிட்டார். தாமதத்துக்கு ரயில்வே காரணம் காட்டி நிரூபிக்கவில்லை என்பதுதான் அங்கே விஷயம். உங்கள் வழக்கில் அவர்கள் அறிவிப்பை நீட்டுவார்கள். அந்த அறிவிப்பு எப்போது வந்தது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

139-க்கு போன் போட்டு அலுத்துவிட்டது. வேறு என்னதான் செய்வது? – மாம்பலம் வாசகர்

139 என்ற ரயில்வே உதவி எண் அன்றைய குறைக்கு. இதற்கு அது போதாது. 52 வாரம் வரை முன்கூட்டியே பராமரிப்பு வேலைகளைத் திட்டமிட வேண்டும் என்று ரயில்வேயே விதி வைத்திருக்கிறது. பிளாக் கேட்டு, அனுமதி வாங்கி, மெஷினும் ஆளும் ஒதுக்கிய பிறகுதான் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாருக்கோ திடீரென்று தோன்றிச் செய்வது இல்லை. பிறகு அறிவிப்பு மட்டும் ஏன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறது?

பத்து ரூபாய் கட்டி, கோட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். “மக்களுக்கு ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை” என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலாக ஒரு வரி வரும். இப்படிக் கேளுங்கள்: இந்தத் தேதியில் நடந்த லைன் பிளாக்குக்கு அனுமதி தந்த கடிதத்தின் நகல், பத்திரிகைகளுக்கு அனுப்பிய செய்திக் குறிப்பின் நகல், அனுப்பிய தேதி, நேரம். இரண்டு காகிதமும் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.