பையன் செய்வது விளையாட்டா, தொழிலா?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகன் ராத்திரி பகலாக லேப்டாப்பில் எழுத்துகளை வரவழைத்து மறைய வைத்துக்கொண்டே இருக்கிறான், காலேஜே வேண்டாம் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வருடப் பயிற்சிக்கு ஓர் இன்ஸ்டிட்யூட் லட்சக்கணக்கில் கேட்கிறதாம். முதல் காரியமாக அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதைப் பேசலாம்.

தம்பி செய்வதற்கு ரிவீல் என்று பெயர். சேனல் லோகோ விரிவது, செய்தியில் பேசுபவரின் பெயர்ப்பட்டை வழுக்கிக்கொண்டு வருவது, சினிமா டைட்டில் யாரோ எழுதுவதுபோலத் தோன்றுவது, போனில் பணம் அனுப்பியதும் ஒரு டிக் வரைந்து முடிவது, எல்லாமே இந்த வகைதான். சம்பளம் தரும் வேலைதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அவன் செய்வதில் எவ்வளவு அவனுடையது என்பதைப் பார்க்க வேண்டும். ரெடிமேட் டெம்ப்ளேட்டை இறக்கி, பெயரை மட்டும் மாற்றினால் ஐந்தே நிமிடத்தில் பளபளவென்று ஒன்று வந்துவிடும். வீட்டில் எல்லோரும் அசந்துபோவோம். அந்த வேலைக்கு யாரும் ஆள் வைக்க மாட்டார்கள்.

அதனால் ஒரு சோதனை. ‘ஞானம்’ என்ற சொல்லைப் பேனாவால் எழுதுவதுபோல வரவழைத்துக் காட்டு, டெம்ப்ளேட் தொடக்கூடாது என்று சொல்லுங்கள். எழுத்தையும் படத்தையும் அசைய வைக்கும் அடோபியின் ஆப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் இதற்கு வழக்கமான வழி ஒன்று உண்டு. எழுத்தின் மேலேயே பென் டூலால் ஒரு கோடு போட்டு, அதை எழுத்தைவிடத் தடிமனாக்கி, டிரிம் பாத்ஸ் என்ற வசதியால் கோட்டைப் பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம் வரை வளரவிட்டு, அந்தக் கோட்டையே எழுத்துக்கு மேட்டாக, அதாவது எழுத்து எங்கே தெரியவேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பாகக் கொடுப்பார்கள். கோடு போகும் இடத்தில் மட்டும் எழுத்து தெரியும். ‘ட’வுக்கு இது சுலபம். ‘ஞ’வில் வளைவுகள் ஒன்றையொன்று நெருங்கித் தொடுகின்றன. முதல் வளைவின் மேல் கோடு போகும்போதே, பிறகு வரவேண்டிய பகுதியின் ஒரு துணுக்கு பக்கத்தில் முந்திக்கொண்டு எட்டிப்பார்க்கும். எழுத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மேட் போட்டால்தான் அது போகும். அலுப்பான வேலை. யாரும் சொல்லாமலே அந்தத் துணுக்கு அவன் கண்ணில் படுகிறதா, பட்டபின் உட்கார்ந்து சரிசெய்கிறானா என்று கவனியுங்கள். சரிசெய்கிறான் என்றால் பையனுக்கு இந்தத் தொழில் வரும்.

அப்புறம் வேகம். நம் டிவி கணக்கில் ஒரு நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படங்கள். ஒரு லோகோ வந்து நிற்க 12 ஃபிரேம் கொடுத்தால் ஒரு குணம், 40 கொடுத்தால் வேறு குணம். ஏன் இத்தனை கொடுத்தாய் என்று கேளுங்கள். ‘சும்மா வைத்தேன்’ என்றால் இன்னும் காலம் இருக்கிறது. அசைவின் வேகத்தை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து வளைவைக் காட்டி விளக்க ஆரம்பித்தால், உங்களுக்குப் புரியாவிட்டாலும் நிம்மதியாக இருங்கள்.

காலேஜ் வேண்டாம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாஃப்ட்வேரை வீட்டிலேயே கற்கலாம், வடிவமும் எழுத்துருவும் வரைதலும் ஆசிரியர் முன்னால் திருத்தப்பட்டுத்தான் வரும். பெரிய நிறுவனங்களில் பட்டத்தையும் கேட்பார்கள். சென்னை தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. பல கலைக் கல்லூரிகளில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இருக்கிறது. ஓவியக் கை இருந்தால் டிசைன் படிப்புக்காகப் பாம்பே ஐஐடி நடத்தும் யூசீட், அகமதாபாத் என்ஐடியின் (தேசிய டிசைன் நிறுவனம்) நுழைவுத்தேர்வு இரண்டையும் முயலட்டும். யூசீட் எழுத எந்த குரூப் படித்திருந்தாலும் சரி.

கோடிங்கிலும் ஆசை இருந்தால் பிசிஏ சேர்ப்பதிலும் தப்பில்லை. ஏர்பிஎன்பி நிறுவனம் 2017இல் வெளியிட்ட லாட்டி என்ற மென்பொருள் கருவி வந்தபிறகு, ஆப்டர் எஃபெக்ட்ஸில் செய்த அசைவை வீடியோவாக இல்லாமல் சின்ன ஃபைலாகவே ஆப்புக்குள் வைக்க முடிகிறது. ஆனால் எல்லா எஃபெக்ட்டும் அதில் போகாது. எது போகும், எது போகாது என்று தெரிந்து டிசைன் செய்பவருக்கு ஐடி கம்பெனிகளில் இடம் உண்டு. இந்தப் பாதையை நம் ஊரில் ஏனோ யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

லேப்டாப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆப்டர் எஃபெக்ட்ஸுக்கு 16 ஜிபி ராம் குறைந்தபட்சம், 32 இருந்தால் நல்லது என்று அடோபியே சொல்கிறது. இப்போது 16 வாங்கி, பின்னால் கூட்டிக்கொள்ள இடமுள்ள மாடலாகப் பாருங்கள். சந்தா கட்டக் கஷ்டமாக இருந்தால், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இதே வேலைக்கான ஃபியூஷன் பகுதி இருக்கிறது, பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் முழுக்கவே இலவசம். மேட், கீஃபிரேம் (அசைவின் தொடக்கம், முடிவு போன்ற இடங்களைக் குறிக்கும் புள்ளி), வளைவு எல்லாம் அவற்றிலும் அதே கதைதான்.

‘ஞானம்’ முடிந்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வீடியோ மட்டும் போதாது, ப்ராஜெக்ட் ஃபைலும் வேண்டும். ஒவ்வொரு லேயருக்கும் (அடுக்குக்கும்) பெயர் வைத்திருக்கிறானா என்று நான் பார்க்க வேண்டும்.